மஞ்சளாக இருக்க வேண்டிய சுவர்

இந்தக் காகிதத்தின் ஓரமெல்லாம் சிவப்புக் கறையாக இருக்கிறதே என்று யாரும் பதற வேண்டியதில்லை. ரத்தம் இல்லை. காலையிலிருந்து உன் வீட்டு அடுப்படியில் சுண்ணாம்பில் மஞ்சளைக் கரைத்துச் சுவருக்கு அடித்துவிட்டு வந்திருக்கிறேன். மூன்று தடவை சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. விரல் இடுக்கெல்லாம் எரிகிறது. இருபது வருஷத்துக்கு மேல் அச்சு மை ஏறிக் கறுத்த கை இது. இந்த வயதில் இதற்குச் செம்பூச்சு ஒரு கேடு.

அந்த வாசம் மட்டும் மாறவே இல்லை. ஈரச் சுண்ணாம்பின் காட்டம், அதற்கு மேலே மஞ்சளின் மண்வாசம். வாளியில் குனிந்ததும் நீதான் முதலில் நினைவுக்கு வந்தாய், அதுவும் கையில் வெள்ளையடிக்கிற மட்டையோடு, பல்லைக் காட்டிக்கொண்டு. உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதே கற்றுக்கொள்ளாதவன் இப்போதா கற்றிருக்கப் போகிறாய். உனக்காக ஊருக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதங்கள் ஒரு பெட்டி தேறும். உனக்கென்று எழுதுவது இதுதான் முதல். நீ சொல்லச் சொல்ல எழுதிய காலம் போய்விட்டது, இனி நான் சொல்வதை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தத் துறைமுகப் பட்டணத்தில், தேக்கா மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால், வைக்கோல் கடையை ஒட்டி நாம் இருந்த அறையை வீடு என்று சொல்லிக்கொண்டவன் நீ ஒருவன்தான். முன்னால் இரண்டு பாய் விரிக்க இடம். பின்னால் தகரக் கூரைக்குக் கீழே மூன்று சுவர், ஒரு மண் அடுப்பு. நான்காவது பக்கம் சாக்கடை. நமக்கு முன்னால் குடியிருந்தவர்களின் புகையெல்லாம் அந்தச் சுவர்களில் அப்படியே இருந்தது. நீ தஞ்சோங் பகாரில் கப்பலுக்கு நிலக்கரி சுமந்துவிட்டுக் கறுப்பாக வருவாய். நான் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துவிட்டுக் கறுப்பாக வருவேன். அடுப்படியும் கறுப்பு. அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. சோறு வெள்ளையாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நீ கடிதம் சொல்லுவாய். கல்யாணமான பத்தாவது நாள் பெண்டாட்டியை நாகப்பட்டினத்துப் பக்கம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறி வந்த மனிதன், மூன்று வருஷமாக அவளுக்குச் சொன்னதெல்லாம் என்ன? நான் நலம், இங்கே மழை, அரிசி நல்ல அரிசி. இதை எழுத ஒரு ஆள், இதைப் படித்துக் காட்ட அங்கே அவள் அண்ணன் ஒரு ஆள். அந்தப் பெண் கடல் தாண்டி வர முடியாது என்று பிடிவாதமாக இருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அரிசி நல்ல அரிசி என்பதற்காக யார் கப்பல் ஏறுவார்கள்?

ஒரு தடவை அவள் கேட்டு எழுதச் சொல்லியிருந்தாள், அங்கே அடுப்படி எப்படி இருக்கும் என்று. நீ வெகுநேரம் யோசித்துவிட்டு, நல்லா இருக்குன்னு எழுது என்றாய். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கேலி செய்ய வேண்டும் என்றே எழுதினேன்: "நமது அடுப்படிச் சுவர்கள் பசுமஞ்சள் வண்ணம் பூசப்பெற்று, காலை வெயிலில் பொன்போல இலங்குகின்றன." உரக்கப் படித்தும் காட்டினேன். நீ சிரிப்பாய், எழுதியதை அடித்துவிடச் சொல்லுவாய் என்று பார்த்தேன். நீ சுவரைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய்.

"பொன்னுன்னா எழுதிட்டே? இருக்கட்டும். கேக்க நல்லாத்தான் இருக்கு."

பொய்யை எழுதினவன் நான். அதை உண்மையாக்க வேண்டியது நீ. அப்படியொரு ஏற்பாடு நமக்குள் அன்றைக்கு உண்டாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அவள் அண்ணன் எழுதினார். தங்கை புறப்பட்டுவிட்டாளாம். அவரே கூட்டிக்கொண்டு வருகிறாராம். கடிதத்தில் கண்டபடி வீடு இருந்தால் விட்டுவிட்டு வருவாராம், இல்லாவிட்டால் திரும்புகிற கப்பலிலேயே அழைத்துப் போய்விடுவாராம், அப்புறம் உறவு என்று ஒன்று கிடையாதாம். நீ அந்தக் கடிதத்தை என்னிடம் நாலு தரம் படிக்கச் சொன்னாய். ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி எழுதியிருக்கும் என்று நினைத்தாயோ என்னவோ.

கப்பல் வந்தது. ஆனால் மேல்தட்டில் வந்த சனங்களை அம்மை இருக்கிறதா என்று பார்க்கத் தெற்கே ஒரு தீவில் இறக்கி வைத்துவிட்டார்கள். உனக்கு ஒரு வாரம் கிடைத்தது. தீவில் பெண்டாட்டி கொட்டகையில் கிடக்கிறாள் என்று கவலைப்படாமல், சுவருக்கு நாள் கிடைத்தது என்று சந்தோஷப்பட்ட மனிதனை நான் உன்னைத் தவிர வேறு பார்த்ததில்லை.

சந்தோஷம் இருந்தது, கையில்தான் ஒன்றும் இல்லை. கடைவீதியில் ஒரு சாயப்பொடியைக் கேட்டுவிட்டு, கேட்டதே தப்பு என்பது போலத் திரும்பி வந்தாய். அதற்குப் பிறகு ஊரில் சும்மா கிடைக்கிற நிறமெல்லாம் நம் அடுப்படிக்கு வர ஆரம்பித்தது. நாகூர்க்காரர் ஒருவரின் துணிக்கடையில் கெஞ்சி, துணிக்கட்டுகளில் ஒட்டி வரும் படச்சீட்டுகளை வாங்கி வந்தாய். மயில் ஒன்று, சீமைத் துரைசானி ஒருத்தி, யானை நாலு. ஒரு சாயங்காலம் முழுக்கச் சோற்றுக் கஞ்சி தடவி ஒட்டினாய். நான் பாயில் படுத்துக்கொண்டு, துரைசானிக்குப் புகை ஒத்துக்கொள்ளாது என்றேன். விடிவதற்குள் கரப்பான் பூச்சிகள் கஞ்சியோடு சேர்த்து மயிலையும் தின்றிருந்தன. துரைசானியின் தொப்பி மட்டும் மிச்சம். நான் சிரித்த சிரிப்பில் வைக்கோல் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. உனக்கு ரோஷம் என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. மறுநாள் சீனன் கடை வாசலில் கொட்டிக் கிடந்த உடைந்த பீங்கான் சில்லுகளைப் பொறுக்கி வந்து அடுப்பின் விளிம்பில் ஈரமண்ணில் பதித்தாய். நீலப் பூவில் பாதி, பச்சை இலையில் கால்வாசி. சோறு வடிக்கிறவள் கையைக் கிழித்துக்கொள்ளப் போகிறாள் என்றேன். உட்கார்ந்து ஒவ்வொரு சில்லையும் கல்லில் தேய்த்து முனை மழுக்கினாய். நிலக்கரி சுமந்துவிட்டு வந்து, பீங்கானுக்கு முனை மழுக்கிய அந்த முட்டாள்தனத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சுவர் பாக்கி. வீட்டுக்காரரிடம் போய் நின்றாய். நகரசபை ஆட்கள் பார்க்க வரும்போது பூசுவதற்கென்று அவர் வைத்திருந்த சுண்ணாம்பில் ஒரு வாளி, அதுவும் அடியில் கிடந்த கட்டி, கிடைத்தது. புகையைச் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்தாய். வெள்ளையாயிற்று. வெள்ளையோடு விட்டிருந்தால் ஒரு மனிதன் என்று உன்னை மதித்திருப்பேன். ஆனால் கடிதத்தில் மஞ்சள் என்று இருக்கிறதே. உன் கணக்கில் கடிதம் சாமி வாக்கு. அதை எழுதிய ஆசாமி பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது உனக்குப் பெரிதாகப் படவில்லை.

அவர்களைக் கரையில் இறக்குவதாகச் சொல்லியிருந்த நாளுக்கு முந்தின நாள், சுவர் ஈரம் காயாமல் இருக்கும்போதே, நீ வேட்டி முனையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு மஞ்சள் கொண்டுவந்தாய். கப்பலில் மூட்டை கிழிந்து சிந்தியதைக் கூட்டி எடுத்தது. இடித்து, சலித்து, தண்ணீரில் கரைத்தாய். வாளி நிறைய நல்ல மஞ்சள். நான் அச்சுப்பிழை பார்க்கிற தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எழுத்துக்காரரே, கீழ வெள்ளை, மேல இந்தத் தண்ணி. பொன்னு மாதிரி வரும், இல்ல?"

எனக்குத் தெரியும். ஆரத்தித் தட்டுக்கு முன்னால் நின்றவர்கள் நாம் எல்லாரும். அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று உன்னைப் போன்ற ஆண்பிள்ளைகள் கேட்டதில்லை, குங்குமம் என்று நினைத்துக்கொண்டு நெற்றியைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். நான் அப்படி வளரவில்லை. என் அம்மா தாலியறுத்தவள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் பின்கட்டில் உட்கார்ந்து ஆரத்தி கரைப்பது அவள் வேலை, அதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போவது வேறு எவளோ. மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பாவதை அவள் மடியில் இருந்து பார்த்தவன் நான். சுண்ணாம்புச் சுவரில் மஞ்சள் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நான் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்: "அடிச்சுப் பாரேன்."

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே பல சமாதானம் சொல்லியிருக்கிறேன். வேடிக்கைக்கு என்று. உனக்குப் பாடம் கிடைக்கட்டும் என்று. எல்லாம் பொய். அவள் வந்தால் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும். அந்த அறையும், அந்த நாற்றமும், நீ வடித்த குழைந்த சோறும் எனக்குப் பழகிப் போயிருந்தன. அவள் வந்த கப்பலிலேயே திரும்பிப் போக வேண்டும் என்று நான் விரும்பினேன். அதை இன்றுதான் எழுதுகிறேன், எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாத உனக்கு.

முதல் மட்டை இழுத்தாய். ஒரு மூச்சு விடும் நேரம் மஞ்சளாக இருந்தது. அப்புறம் சிவந்தது. நீ மட்டையைப் பார்த்தாய், வாளியைப் பார்த்தாய். வாளியில் மஞ்சள், சுவரில் சிவப்பு. வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்பான். நீ, ஈரம்னால இப்படி, காய்ஞ்சா மஞ்சளாயிடும் என்று சொல்லிக்கொண்டு மூன்று சுவரையும் அடித்து முடித்தாய். காலையில் பார்த்தபோது ஆடு அறுக்கிற இடம் போல இருந்தது. மூடுவதற்குச் சுண்ணாம்பு இல்லை. நீ பீங்கான் பதித்த அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் காய்ந்திருந்த சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாய். எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. அதற்காக வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னேனா என்றால் அதுவும் இல்லை. நீ குளித்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனாய்.

அண்ணன்காரர்தான் முதலில் உள்ளே வந்தார், மாட்டு நாற்றத்துக்கு மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு. நேரே அடுப்படிக்குப் போனார். அந்தக் கடிதத்தை மடித்து மடியிலேயே வைத்திருந்தார் என்று நினைக்கிறேன், அப்படி ஒரு தோரணை. மஞ்சள்னு எழுதியிருந்தீங்களே, இது என்ன என்று கேட்டார். நீ நின்றாய். நான் வாசலில் நின்றேன். அவள் அண்ணனுக்குப் பின்னால், தீவில் ஒரு வாரம் கிடந்து வாடிப்போய், தலையில் எண்ணெய் இல்லாமல், கையில் மூட்டையோடு வாசற்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று அவளைக் கூப்பிட அந்த இடத்தில் ஒரு பெண் இல்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். மூட்டையைக் கீழே வைத்தாள். வந்து ஒரு விரலால் சுவரைத் தொட்டு மோந்து பார்த்தாள். அப்புறம் அண்ணனிடம், உன்னைப் பார்க்காமல், சொன்னாள்:

"பொம்பளை இல்லாத வீடுண்ணே. ஆரத்தி எடுக்க ஆளில்ல. அதான் சுவத்துலயே கரைச்சு ஊத்தி வச்சிருக்காரு."

அந்த விரலாலேயே நெற்றியில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். அண்ணன்காரர் மூக்கிலிருந்து துண்டை எடுத்தார். அவ்வளவுதான். அடுத்த கப்பலில் அவர் மட்டும் போனார்.

அப்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மூன்றே நொடியில் அது உன் யோசனையாகிவிட்டது. அன்றைக்கே வைக்கோல் கடைக்காரரிடம் சொன்னாய், டிராம் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் சொன்னாய், பிறகு பதினெட்டு வருஷம் தஞ்சோங் பகாரில் சொல்லாத ஆளில்லை, பெண்டாட்டியை வரவேற்கச் சுவரையே ஆரத்தியாக்கியவன் என்று. தீபாவளிக்குள் அந்தச் சிவப்பு மெல்ல வடிந்து நிஜமாகவே ஒரு மங்கல் மஞ்சளாகிவிட்டது. நான் அப்பவே சொன்னேன்ல, காய்ஞ்சா மஞ்சளாயிடும்னு என்றாய். ஒரு மனிதனுக்கு இவ்வளவு அதிர்ஷ்டம் இருக்கக் கூடாது என்று நான் அடுத்த தெருவில், ரிக்ஷா பழுது பார்க்கிற கடைக்கு மேல் எனக்குக் கிடைத்த பொந்தில் படுத்துக்கொண்டு பொருமியிருக்கிறேன்.

பொருமினேனே தவிர, சாப்பிட உன் வீட்டுக்குத்தான் வந்தேன். தினம் மத்தியானம், அந்த மஞ்சள் சுவருக்கு முன்னால் எனக்கு ஒரு பலகை. குழம்பில் புளி தூக்கல் என்பேன், கருவாடு சரியில்லை என்பேன். நீ சிரித்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லுவாய். அந்தச் சுவரைப் பற்றி நீ ஊரெல்லாம் பேசினாய், என்னிடம் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை, சிவக்கும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று. கேட்கிற அளவுக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். போன வருஷம் காய்ச்சலில் நீ போகும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மகளைப் பினாங்கில் கட்டிக் கொடுத்தோம். கல்யாணம் மாப்பிள்ளை வீட்டிலேயே நடந்தது. நாளைக் காலை மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். வாசலில் ஆரத்தி எடுக்க உன் சொந்தக்காரிகள் இரண்டு பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். நீ படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எட்டிப் பார்க்காத அதே இரண்டு பேர்தான். வந்த கையோடு உன் பெண்டாட்டிக்குச் சட்டம் சொல்லிவிட்டார்கள், தட்டைத் தொடக் கூடாது, வாசலில் நிற்கக் கூடாது, பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு முகத்தைக் காட்டினால் போதும் என்று. பெற்று வளர்த்தவளின் முகம் ஆகாதாம், இந்த இரண்டு மூஞ்சிகளும் மங்களமாம். இவர்களைப் போல எத்தனை பேரை என் அம்மா கரைத்துக் கொடுத்த தட்டுகளுக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் எனக்கு அருவருப்பு, இன்றைக்கும் அருவருப்பு.

அவள் அவர்களிடம் சரி என்று தலையாட்டிவிட்டாள். எனக்கு ஆள் அனுப்பினாள். போனால் அடுப்படியில் ஒரு வாளி சுண்ணாம்பு நீற்றி வைத்திருக்கிறாள், அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருக்கிறாள்.

"தட்டை நான் தொடக் கூடாதாம், அண்ணே. சுவத்தைத் தொடக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

மட்டையை என் கையில் கொடுத்தாள். நான் அடித்தேன். எனக்குச் சுவர் அடிக்க வராது, ஒரு பக்கம் திட்டுத்திட்டாக இருக்கிறது, நீயே சிரித்திருப்பாய். மூன்றாவது சுவருக்கு வந்தபோது, முதுகைக் காட்டிக்கொண்டே, அவளிடம் சொன்னேன். அன்றைக்கு அவன் கேட்டபோது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் அடிக்கச் சொன்னேன், நீ வந்த கப்பலிலேயே திரும்பிப் போய்விட வேண்டும் என்று நினைத்தேன் என்றேன். பின்னால் அம்மி நிற்கவில்லை.

"அது அவருக்குத் தெரியும்ண்ணே. தலையைத் தூக்காம அடிச்சுப் பாருன்னு சொன்னப்பவே ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டாராம். அன்னிக்கே என்கிட்ட சொன்னாரு."

பின்னே ஏன் என்னை ஒரு நாளும் கேட்கவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கேட்டா நீங்க சாப்பிட வர மாட்டீங்களாம்."

அரைத்த மஞ்சளை வழித்து வாளியில் போட்டாள். நானும் மிச்சச் சுவரை அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பதினெட்டு வருஷம் நீ என்னை உட்கார வைத்துச் சோறு போட்டாய், நான் உன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு அதைச் சாப்பிட்டேன். உன் மகள் நாளைக்கு வந்ததும், அந்த இரண்டு மங்களங்களும் வாசலில் தட்டைச் சுற்றி முடித்த பிறகு, அவள் அம்மா நேரே அடுப்படிக்குத்தான் கூட்டிப் போகப் போகிறாள். சுவர் இன்னும் நல்ல சிவப்பாக இருக்கும். உன் பீங்கான் சில்லுகள் அடுப்பின் மேலேயே இருக்கின்றன, ஒன்றுகூட யார் கையையும் கிழித்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்கும் பலகை போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். குழம்பில் புளி தூக்கலாகத்தான் இருக்கும். போவேன். கையைத்தான் மூன்று தடவை தேய்த்தாயிற்று, நாலாவது தடவை தேய்க்கப் போவதில்லை.